வெள்ளைப் பலகை காட்டும் வழி: இங்கிலாந்து இலையுதிர் காலத்தில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன். லிண்ட்ஹர்ஸ்ட், இரவு 9 மணி

இங்கிலாந்தில் சாலைப் பலகைகள் மூன்று நிறம். நீலம் என்றால் மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலை. பச்சை என்றால் பெரிய ஊர்களை இணைக்கும் முதன்மைச் சாலை. வெள்ளை என்றால் மீதி எல்லாம்: கிராமம், சந்தை ஊர், காட்டுப் பாதை, யாருடைய தோட்டத்துக்கோ போகும் ஒற்றைத் தடம். ரெடிங்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வேலைக்கும் விமான நிலையத்துக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் போய்வந்தது எல்லாமே நீலப் பலகையைப் பார்த்துத்தான்.

இந்த அக்டோபரில் அப்பா வந்திருக்கிறார். பொள்ளாச்சி–வால்பாறை அரசுப் பேருந்தை 22 வருடம் ஓட்டியவர். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. வந்த மூன்றாம் நாள் பிரிஸ்டல் வரை மோட்டார்வேயில் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது கேட்டார்: "ஏங்கண்ணு, இந்த ரோட்டுல ஓட்டறதுக்கு என்ன இருக்குது? ஊரும் தெரியல, மரமும் தெரியல." அன்று இரவே வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள், நீலப் பலகை கிடையாது. முடிந்த இடத்தில் எல்லாம் வெள்ளை, வேறு வழியில்லாத இடத்தில் பச்சை.

ரெடிங்கிலிருந்து வின்செஸ்டர் வரை தூறல், சொல்ல ஒன்றுமில்லை. ராம்சி தாண்டி, கேட்னம் வந்த பிறகு சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த ஒரு பள்ளம். டயர் ஏறியதும் தடதடவென்று அதிர்ந்தது. மாடும் குதிரையும் அதன் மேல் கால் வைக்காது. அதைத் தாண்டினால் நியூ ஃபாரஸ்ட்.

1079-இல் முதலாம் வில்லியம் மன்னர் தன் வேட்டைக்காக ஒதுக்கிய காடு இது. 2005-இல் தேசியப் பூங்கா ஆனது. உள்ளே பெரும்பாலான சாலைகளுக்கு வேலி இல்லை, வேகம் 40 மைலுக்கு மேல் போகக்கூடாது. மட்டக்குதிரைகள் சாலை ஓரத்தில் மட்டுமல்ல, சாலை நடுவிலும் நிற்கும். அவை காட்டுக் குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் உரிமை பெற்ற குடியானவர்கள் பணம் கட்டித்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். கட்டியதற்கு அடையாளமாகக் குதிரையின் வால் முடியை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வெட்டிவிடுவார்கள். எந்தப் பகுதிக் குதிரை என்று வெட்டைப் பார்த்தே சொல்லலாம். அப்பா இறங்கி, ஒரு சாம்பல் நிறக் குதிரைக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, படி வைத்து வெட்டியது போன்ற அந்த வாலை வெகுநேரம் பார்த்தார். "காது அடிக்கறதுக்குப் பதிலா வாலா? நல்ல ரோசனைதான்" என்றார்.

இந்தப் பருவத்தில் வந்ததற்கு இன்னொரு காரணம் பன்றிகள். ஒரு கிராமத்துத் தெருமுனையில் ஏழெட்டு இளஞ்சிவப்புப் பன்றிகள், கறுப்புத் திட்டோடு, ஓக் மரத்தடியில் மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தன. கார் ஜன்னலை இறக்கினால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. பச்சை ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் குறைந்தது 60 நாள் பன்றிகளைக் காட்டில் மேயவிடும் உரிமை பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. மண்ணைக் கிளறிப் போடாமல் இருக்க மூக்கில் வளையம் மாட்டியிருக்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் மூன்று கார் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பன்றிகள் முடித்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எல்லோரும் நகர்ந்தோம்.

மாலையில் ரைன்ஃபீல்ட் சாலை. 1859-இல் ஒரு மாளிகைக்குப் போகும் வண்டிப் பாதைக்கு இரு பக்கமும் நட்ட ஊசியிலை மரங்கள். அமெரிக்காவிலிருந்து விதை வந்த செக்குவோயா மரங்கள் இரண்டு 50 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. ஆனால் நிறத்துக்கு இந்தச் சாலையை நம்ப வேண்டாம். இவை பச்சையாகவே இருக்கும். பிரதான சாலையைக் குறுக்கே கடந்து போல்டர்வுட் பக்கம் போனால்தான் பீச்சும் ஓக்கும். அங்கே நைட்வுட் ஓக் என்ற பழைய மரம், 500 வயதுக்கு மேல், அடிமரச் சுற்றளவு 7 மீட்டருக்கு மேல். அது இன்னும் பச்சையாக இருந்தது. ஓக் எப்போதும் கடைசியில்தான் மாறும்.

இரண்டாம் நாள், வெள்ளி. டெட்பரி

இந்த ஐந்து நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் இன்று பார்த்ததைச் சொல்வேன்.

ஃபோர்டிங்பிரிட்ஜ், சாலிஸ்பரி வழியாக ஏ338 சாலை. ஏவன் ஆறு கூடவே வருகிறது. காலை மூடுபனி ஆற்றின் மேல் மட்டும் ஒரு துணி போலப் படுத்திருந்தது. சாலிஸ்பரிக்கு வடக்கே சுண்ணாம்புப் பூமி: உழுத வயலின் நிறமே வெண்சாம்பல். அப்பா கேட்டு ஓரிடத்தில் நிறுத்தினேன். ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கி, "எழுதற சுண்ணாம்பு மாதிரியே இருக்குது" என்றார். அதுதான் அது.

இந்தச் சாலையில்தான் எங்கள் இருவருக்கும் வேலிப் பேச்சு தொடங்கியது. இங்கே வயலுக்கு வயல் உயிர்வேலி. ஹாதார்ன், ஹேசல், முள்ளுள்ள பிளாக்தார்ன் எல்லாம் பின்னி வளர்ந்திருக்கும். இலை பாதி உதிர்ந்த நிலையில் ஹாதார்னின் சிவப்புக் காய்கள் மணி மணியாகத் தெரியும். நடுவே காட்டு ரோஜாவின் ஆரஞ்சுக் காய்கள், நீலம் பூத்த கறுப்பு பிளாக்தார்ன் பழங்கள். குளிர்காலம் முழுக்கப் பறவைகளுக்கு அதுதான் சாப்பாடு. அப்பாவுக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிளுவை வேலி நினைவுக்கு வந்துவிட்டது. கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டபோது குருவி போனது, ஓணான் போனது, நிழல் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தார். இங்கேயும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு வழிவிட இப்படிப்பட்ட வேலிகளை மைல் கணக்கில் பிடுங்கினார்கள். மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது, பிடுங்கியவற்றை நினைத்து நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

பர்பேஜ் தாண்டி ஏ346-இல் சாவர்னேக் காடு. அதன் உள்ளே 'கிராண்ட் அவென்யூ' என்று ஒரு பாதை, ஏறக்குறைய நான்கு மைல், நூல் பிடித்தது போல நேராக, இரு பக்கமும் பீச் மரங்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக் கலைஞர் வகுத்தது. தனியார் காடு, பாதையில் குழிகள் அதிகம். காரை ஓரமாக விட்டுவிட்டு நடந்தோம். அதுவே சரி என்று இப்போது தோன்றுகிறது.

பீச் இலையை ஒன்றே ஒன்று எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுநரம்பை ஒட்டி இன்னும் பச்சை. அதற்கு வெளியே எலுமிச்சை மஞ்சள். அதற்கும் வெளியே தேன் நிறம். ஓரத்தில் மட்டும் செம்புத் தகடு போலக் கறுத்த பழுப்பு. பச்சை நடுவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போகிறது. நாள் குறையக் குறைய மரம் இலையில் இருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் போனதும், கோடை முழுக்க உள்ளேயே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை, எப்போதும் அங்கேதான் இருந்தது. இதை நான் சொன்னதும் அப்பா அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காற்று அடிக்கும்போது இலைகள் கொட்டும் சத்தம் கிட்டத்தட்டத் தூறல் மாதிரி. தலைக்கு மேலே செம்பு, காலுக்குக் கீழே செம்பு, நடுவில் சாம்பல் நிற வழுவழுப்பான அடிமரங்கள். இரண்டு மணி நேரம் நடந்திருப்போம். எதிரே வந்தவர்கள் நாயோடு நால்வர்.

அப்புறம் மார்ல்பரோ, ஏவ்பரி, மாம்ஸ்பரி. ஏவ்பரியில் சாலையே ஒரு கற்காலக் கல்வட்டத்தின் நடுவே போகிறது. இறங்க நேரம் இல்லை. இருட்டுவதற்குள் டெட்பரி வந்தாயிற்று.

மூன்றாம் நாள், சனி. வெஸ்ட்டன்பர்ட்

இன்று ஓட்டியது பத்து மைல் கூட இருக்காது. பயணக் கட்டுரையில் ஓட்டாத நாளுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். ஆனால் இங்கிலாந்து இலையுதிர் காலத்தில் சிவப்பு பார்க்க வேண்டும் என்றால் இந்த மரத் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

இந்த நாட்டின் சொந்த மரங்கள் பெரும்பாலும் மஞ்சளும் செம்பும்தான் தரும். படங்களில் பார்க்கும் ரத்தச் சிவப்பு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த மரங்கள். ராபர்ட் ஹோல்ஃபோர்ட் என்ற செல்வந்தர் 1829-இல் இங்கே மரம் சேர்க்கத் தொடங்கினார். கிழக்காசியாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் விதையும் கன்றும் கொண்டுவந்தவர்களுக்கு அது பொற்காலம். 1956-இல் வனத்துறை எடுத்துக்கொண்டது. இப்போது 600 ஏக்கர், சுமார் 2,500 வகை மரங்கள்.

ஜப்பானிய மேப்பிள்கள் நிற்கும் தோப்புக்குள் நுழைந்தபோது, எங்கள் முன்னால் போன ஒரு குழந்தை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த நாங்களும் நின்றோம். வெயில் இலையின் பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. குங்குமம், மாதுளை, பழுத்த மிளகாய், இந்த மூன்றும் ஒரே கிளையில். இந்தச் சிவப்பு, மஞ்சள் மாதிரி ஏற்கெனவே உள்ளே இருந்தது அல்ல. இலைக் காம்பில் தக்கை போன்ற அடுக்கு வளரும்போது சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது, அதிலிருந்து புதிதாக உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு கூடும். இந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

ஆனால் நாள் முழுக்க மனதில் நின்றது நிறம் அல்ல, ஒரு வாசம். ஒரு திருப்பத்தில் அப்பா திடீரென்று மூக்கை உறிஞ்சினார். "யாரோ வெல்லம் காய்ச்சறாங்க." எனக்கும் வந்தது. சுற்றிலும் அடுப்பும் இல்லை, கடையும் இல்லை. கொஞ்ச தூரத்தில் இதய வடிவில் சின்னச் சின்ன மஞ்சள் இலைகள் உதிர்ந்து கிடந்தன. அப்பா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். அதேதான். ஆலைக்கொட்டாயில் பாகு பதம் வரும் நேரத்து வாசம், கொஞ்சம் கருகிய இனிப்பு. கட்சூரா என்று பெயர்ப் பலகை சொன்னது. ஜப்பானிலும் சீனாவிலும் வளரும் மரம். இலை வாடும்போது மால்ட்டால் என்ற பொருள் உண்டாகிறது. சர்க்கரையைக் கருக்கினால் வருவதும் அதே பொருள்தான்.

அப்பாவின் அப்பா கரும்பு ஆட்டியவர். கொப்பரை அருகில் உட்கார்ந்து விடிய விடிய நெருப்புப் பார்த்த கதையை, நான் இதுவரை கேட்டிராத கதையை, ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சொன்னார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். விடிந்தால் அக்டோபர் கடைசி ஞாயிறு. நாளையிலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நீங்கள் இந்தப் பருவத்தில் வருவதாக இருந்தால் இதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள். ஒரு நாளில் 80, 90 மைலுக்கு மேல் வேண்டாம்.

நான்காம் நாள், ஞாயிறு. செப்ஸ்டோ

காலையில் டெட்பரியிலிருந்து டர்ஸ்லி வழியாக இறங்கும் ஏ4135. மேட்டுநிலம் முடிந்து செவர்ன் ஆற்றுச் சமவெளி மொத்தமும் கீழே விரியும் இறக்கம். ராத்திரி மழை பெய்து, சாலை முழுக்க ஈர இலை. "பச்சத்தண்ணி கூடப் பரவால்ல, ஈர எல எண்ணெய் மாதிரி. வளைவுக்குள்ள பிரேக்கு தொடாத, வளைவுக்கு முன்னாலயே முடிச்சுக்க" என்றார் அப்பா. இரண்டாவது கியரில் இறங்கினேன். வால்பாறைப் பாதையில் சில்வர் ஓக் இலை விழும் மாதத்தில் பட்டு அறிந்த பாடம் அது. எதிர்வெயிலும் இன்னொரு தொல்லை. இந்த மாதத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை. ஈரச் சாலையில் பட்டுக் கண்ணில் அடிக்கும். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள், பாதிக் கூச்சம் குறையும்.

குளோஸ்டர் தாண்டி டீன் காடு. 1802-இல் கடற்படைத் தளபதி நெல்சன் இந்தக் காட்டைப் பார்த்து, கப்பலுக்கு ஏற்ற ஓக் மரங்கள் இங்கே குறைந்துவிட்டன என்று அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு ஏக்கர் ஏக்கராக ஓக் நட்டார்கள். ஓக் கப்பலுக்கு ஆகும் அளவுக்கு வளர நூறு வருடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் கப்பல் இரும்புக்கு மாறிவிட்டது. அந்த மரங்களில் பல இன்று 200 வயதில், வெட்டப்படாமல், பி4226 சாலையின் இரு பக்கமும் நிற்கின்றன. சாலை ஓரப் புல்தரையைக் காட்டுப்பன்றிகள் ஏர் ஓட்டியது போல உழுது வைத்திருந்தன. அப்பாவுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிமண்ட்ஸ் யாட் பாறையிலிருந்து பார்த்தால், நூறு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் வை ஆறு குதிரை லாடம் போல வளைந்து திரும்புகிறது. இரு கரையிலும் மலைச்சரிவு முழுக்கக் கலப்புக் காடு. பீச் செம்பு, செஸ்நட் மஞ்சள், ஆஷ் ஏற்கெனவே மொட்டை, நடுநடுவே யூ மரங்களின் கரும்பச்சை. அந்தக் கரும்பச்சை இல்லையென்றால் மற்ற நிறங்கள் இவ்வளவு எடுக்காது. கூட்டம் இருந்தது, ஆனால் எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள்.

கோல்ஃபோர்டிலிருந்து நியூலேண்ட் வழியாக ஆற்றுக்கு இறங்கும் குறுக்குச் சாலையில்தான் அந்தச் சம்பவம். ஒரு கார் அகலம், இரு பக்கமும் ஆளுயரக் கரை, மேலே வேலி. நான் இறங்குகிறேன், கீழேயிருந்து ஒரு டிராக்டர், பின்னால் வைக்கோல் உருளைகள் ஏற்றிய டிரெய்லர். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் மலைப்பாதை வழக்கம். இங்கேயும் சாலை விதிப் புத்தகம் அதையே சொல்கிறது. அதனால் நான்தான் பின்னால் போக வேண்டும். ஒதுங்கும் இடம் நூறு மீட்டர் மேலே, நடுவில் ஒரு வளைவு.

அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். காரின் பின்னால் போய் டிக்கி மேல் இரண்டு தட்டு: போலாம். கண்டக்டர் இரண்டு விசில் அடிப்பது மாதிரி. நான் மெதுவாக எடுத்தேன். "ஒடிச்சுப் புடி... இன்னும் கொஞ்சம்... நேராக்கு." ஒரு தட்டு: நிறுத்து. வேலிக்கிளை கண்ணாடியை உரசியது. மறுபடி இரண்டு தட்டு. நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், சத்தத்தை மட்டும் கேட்டு ஓட்டினேன். ஒதுங்கும் இடத்தில் கார் உட்கார்ந்ததும் டிராக்டர்காரர் கடந்து போகையில் நிறுத்தி, என்னை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து இரு கையையும் தூக்கிக் கும்பிடு மாதிரி ஒன்று போட்டார். அப்பா கையைத் தூக்கினார், எதிரே வரும் பேருந்துக்குத் தூக்குவது போல.

ரெட்புரூக்கில் ஆற்றைத் தொட்டு, ஏ466. 1827-இல் கட்டிய பிக்ஸ்வியர் இரும்புப் பாலத்தில் ஒரு வண்டி போகத்தான் இடம், விளக்கு மாறும்வரை நின்று தாண்டினால் வேல்ஸ். சாலையில் வெள்ளை எழுத்தில் 'ஸ்லோ' என்பதோடு 'அராவ்' என்றும் எழுதியிருக்கிறார்கள். வெல்ஷ் மொழியில் 'மெதுவாக'. "ரெண்டு பாசையிலயும் எழுதியிருக்கறாங்க பாரு" என்று அப்பா அதற்கு மகிழ்ந்தார். அடுத்தடுத்த வளைவுகளில் 'அராவ்' வரும்போதெல்லாம் வாசித்துச் சொன்னார்.

டின்டர்ன் மடம் 1131-இல் தொடங்கியது. 1536-இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கூரையின் ஈயத்தை உரித்தார்கள். அன்றிலிருந்து வானம்தான் கூரை. நாங்கள் போனபோது நாலரை மணி, கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றே பார்த்தோம். கூரையில்லாத சுவரின் பெரிய ஜன்னல் வழியாகப் பின்னாலிருக்கும் மலையின் செம்பு நிறம் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் இருட்டிவிட்டது.

ஐந்தாம் நாள், திங்கள். ரெடிங், வீடு

செப்ஸ்டோவிலிருந்து ஏ48, குளோஸ்டர், சைரன்செஸ்டர், அங்கிருந்து பி4425 பிடித்து பைபரி. ஆர்லிங்டன் ரோ வீடுகளை எல்லோரும் படமெடுப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, பின்னால் நெசவாளர்களுக்கு வீடாக்கியவை. அழகுதான், ஆனால் நெரிசல். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு பர்ஃபோர்ட் வரை வரும் மேட்டுச் சாலை: சாந்தே இல்லாமல் அடுக்கிய தேன் நிறக் கல்சுவர்கள், அதன் மேல் உதிர்ந்த இலைகள், உள்ளே ஆடுகள். கல்லும் இலையும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

ஒரு வீட்டு வாசலில் ஒரு மேசை, பைகளில் ஆப்பிள், பக்கத்தில் காசு போடத் தகர டப்பா. ஆள் இல்லை. ஒரு பை ஒரு பவுண்டு. அப்பா இரண்டு நாணயம் போட்டு ஒரு பை எடுத்தார். "ஒண்ணு போதுமுங்கப்பா" என்றேன். "ஆளில்லாத கடையில கணக்குப் பாக்கக்கூடாது" என்றார். புளிப்பும் இனிப்புமாக, கடித்தால் சாறு தெறிக்கும் பழம். வாலிங்ஃபோர்ட் வருவதற்குள் நான்கு தீர்ந்தது.

ஸ்ட்ரீட்லியில் தேம்ஸ் ஆறு மலையைப் பிளந்துகொண்டு வரும் இடத்தில் கடைசி வெயில். பேங்போர்ன் தாண்டியதும் முதல் நீலப் பலகை தெரிந்தது. அதில் ஏறினால் வீட்டுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஏறவில்லை.

மொத்தம் 372 மைல். அம்மா முழங்கால் வலியால் வரவில்லை, அவருக்கு அப்பா போனில் முதலில் சொன்னது வெல்ல வாசம் வரும் மரத்தைப் பற்றி. அப்புறம் பன்றி. அப்புறம் டிராக்டர். மடத்தையும் மன்னர்களையும் நான் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

போனை வைத்த பிறகு வெளியே போய், வைப்பருக்குக் கீழே சேர்ந்த இலைகளை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே கசியுமாம். பாதிக்கு மேல் பீச், கொஞ்சம் மேப்பிள். ஓக் ஒன்றுகூட இல்லை. ஓக் மாற இன்னும் இரண்டு வாரம் ஆகும், அப்பா அதற்குப் பிறகுதான் ஊருக்குப் போகிறார். மேய்டன்ஹெட் தாண்டி பர்னம் பீச்சஸ் என்றொரு பழங்காடு இருக்கிறது, பீச்சோடு பழைய ஓக்கும் உண்டு. அடுத்த சனிக்கு அடுத்த சனி. வழி இப்போதே பார்த்துவிட்டோம்: ஏ4, அப்புறம் வெள்ளைப் பலகை.